உப்புக் கரித்த திருவிருந்து

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்தால் மானக்கேடு எனக்குத்தான். சபையின் மாத இதழில் இரண்டு பக்கம் மிஞ்சிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். வானம் திறக்கவில்லை, குரல் கேட்கவில்லை. ஆராதனை முடிந்து நைசாக நழுவிக்கொண்டிருந்த என்னை இதழாசிரியர் வாசற்படியில் மடக்கினார்.

"தம்பி, நீங்க கதையெல்லாம் எழுதுவீங்களாமே?"

"எப்பவாவது, ஐயா."

"நல்லதாப் போச்சு. உங்க அண்ணியைப் பத்தி எழுதுங்க. கஷ்டம் அரைப் பக்கம், ஜெபம் கால் பக்கம், அற்புதம் ஒரு பக்கம். அற்புதம் கொஞ்சம் தாராளமாவே இருக்கட்டும்."

"ஜெபம் கால் பக்கம் போதுமா, ஐயா?"

"ஜெபத்தை எல்லாரும் தாண்டிப் படிச்சிடுறாங்க, தம்பி."

கூட்டிப் பார்த்தால் இரண்டு பக்கத்துக்குக் கால் பக்கம் குறைகிறதே என்று கேட்டேன். அது என் புகைப்படத்துக்காம். அங்கேதான் விழுந்தேன்.

2

தொடக்கம் ஒன்று:

காலைப் பனி இன்னும் விலகாத அந்தத் தெருவில், அப்போதுதான் சுட்ட ரொட்டியின் மணம் மெல்ல

நிறுத்திவிட்டேன். இது மூக்கும் நாக்கும் செத்துப்போன ஒரு பெண்ணின் கதை. முதல் வரியிலேயே மணத்தை வைத்து வரவேற்றால் அவளை வாசலிலேயே நிறுத்தி அவமானப்படுத்தியதாகும்.

தொடக்கம் இரண்டு:

அவள் விசுவாசமுள்ள ஒரு பெண்மணி.

இப்படி ஆரம்பித்தால் அடுத்த வார்த்தை 'ஆமென்'தான். கதைக்கு இடமில்லை.

தொடக்கம் மூன்று:

மரணம் அந்த வீட்டுக்குள் செருப்போடு நுழைந்தது.

இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பேக்கரிக்கு எடுத்துப் போய் அண்ணியிடமே வாசித்துக் காட்டினேன். அண்ணி கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு ஒரு நிமிடம் யோசித்தார்.

"செருப்பா? உங்க அண்ணனுக்கு வந்தது காய்ச்சல், தம்பி."

அதோடு மூன்றாவதும் போனது. நான்காவதாக ஒன்று எழுதாமல், நடந்ததை அப்படியே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். கற்பனை வளம் குறைந்தவர்கள் எல்லாரும் எடுக்கிற முடிவுதான்.

(ஒரு சின்ன அனுமதி. நேரில் அண்ணியை 'நீங்க' என்றுதான் கூப்பிடுகிறேன். கதைக்குள் 'அவள்' என்று எழுதப் போகிறேன். அந்தத் துணிச்சலெல்லாம் காகிதத்தோடு சரி.)

3

என் அண்ணனும் அண்ணியும் பேக்கரி வைத்திருந்தார்கள். முன்னால் கல்லாவும் அரட்டையும் அண்ணன் பாடு. பின்னால் மாவும் ஓவனும் அண்ணி பாடு. ஒரே காய்ச்சலில் இருவரும் அடுத்தடுத்துப் படுத்தார்கள். அண்ணி எழுந்தாள்.

(இந்த வாக்கியத்தின் மறுபாதியை எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். அது இல்லாமலே உங்களுக்குப் புரிந்திருக்கும்.)

அடக்க ஆராதனை முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு, அண்ணி அலமாரியைத் திறந்து அண்ணனின் சட்டை ஒன்றை எடுத்தாள். கடையில் போட்டுக்கொள்ளும் பழைய சட்டை. துவைக்காதது என்று தெரிந்தேதான் எடுத்தாள். முகத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். துணி இருந்தது. பொத்தான் கன்னத்தில் குத்தியது. வேறு ஒன்றுமே இல்லை.

யாரோ துவைத்துவிட்டார்கள் என்று முதலில் கோபம் வந்தது. சமையலறைக்குப் போய்க் காப்பிப் பொடி டப்பாவைத் திறந்தாள். பிறகு ஈஸ்ட். பிறகு வினிகர். வினிகருக்குக் கண் மட்டும் எரிந்தது. ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் வைத்தாள். மணல் மாதிரி இருந்தது. அன்று அவள் வாய்விட்டு அழுததை நாங்கள் எல்லாரும் அண்ணனுக்காக என்று நினைத்தோம். பாதிதான் சரி.

மருத்துவர் "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். அதை அண்ணி யாரிடமும் சொல்லவில்லை. ருசி தெரியாதவள் சுட்ட கேக்கை எவன் வாங்குவான்? பேக்கரி போனால் அண்ணனும் இன்னொரு தடவை போனமாதிரி. ஆகவே கைப்பழக்கத்தை நம்பிக் கடையைத் திறந்தாள். வாடிக்கையாளர்கள் "பிரமாதம்" என்றால் சிரித்தாள். அவர்கள் நல்லவர்கள் என்பதால் சொல்கிறார்களா, கேக் நல்லது என்பதால் சொல்கிறார்களா என்று அவளுக்குத் தெரிய வழியில்லை.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உள்ளே இருந்தது. அண்ணியின் பக்தி எப்போதுமே ருசிக்கிற பக்தி. பாட்டு ஆரம்பித்தால் உருகுவாள். ஜெபத்தில் முழங்காலிட்டால் எழுந்திருக்க மனசு வராது. இப்போது "ஆண்டவரே" என்று தொடங்கினால் அடுத்த வார்த்தை காகித அட்டைமாதிரி வாயில் நின்றது. அவர் கோபித்துக்கொண்டாரா, வீட்டைக் காலி செய்துவிட்டாரா, ஒன்றும் தெரியவில்லை. ஒரே காய்ச்சலில் மூன்றாவது சாவு.

இதழாசிரியரே, கஷ்டம் அரைப் பக்கத்தைத் தாண்டிவிட்டது. என் புகைப்படத்தைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள்.

4

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து: ரொட்டித் துண்டை ஆண்டவரின் உடலாக வாங்கி உண்ணும் சடங்கு. அதற்கான ரொட்டியை அன்று காலையே பிசைந்து அன்று காலையே சுட வேண்டும் என்பது பழைய வழக்கம். சுடுவது அண்ணி. உண்பவர்கள் வாயில் எதுவும் படாமல் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்பது இன்னொரு வழக்கம். இதில் ஒரு சிக்கல். பிசைந்து முடித்ததும் ஒரு கிள்ளு மாவை நாக்கில் வைத்துப் பார்க்காமல் அண்ணியால் சுட முடியாது. "சுடுகிறவளுக்கு மட்டும் விலக்கு" என்று முந்தைய போதகர் தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

அந்தத் தீர்ப்பை ஒரே ஒரு ஆள் மட்டும் ஏற்கவில்லை. பாடகர் குழுவை நடத்துகிறவள். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். சபையில் அவளுக்கு 'உச்சஸ்தாயி' என்று பெயர். பாட்டிலும் பேச்சிலும் அதற்குக் கீழே இறங்கமாட்டாள். "நாக்கில பட்டா பட்டதுதான். தின்னுட்டு வந்து திருவிருந்து எடுக்கிறது ஒரு விருந்தா?" என்று சபைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று கேட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. ஞாயிறு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கிள்ளிக்கொண்டவர்கள் என்பதால், அந்த மௌனத்துக்கு நல்ல வலு இருந்தது.

அண்ணன் போனபிறகு வந்த முதல் திருவிருந்து. அண்ணி உப்பைப் போட்டுப் பிசைந்தாள். பழக்கத்தில் ஒரு கிள்ளு மாவை நாக்கில் வைத்தாள். சப்பென்று இருந்தது. நாக்கு செத்துவிட்டது என்று மூளைக்குத் தெரியும். இத்தனை வருடம் அந்த நாக்கை நம்பிய கைக்குத் தெரியாதே. போடவில்லையோ என்று மறுபடி உப்பைப் போட்டது. மறுபடி ருசி பார்த்தது. மறுபடியும் போட்டது.

இனி என் சாட்சி. பீடத்தின் முன் முழங்காலிட்டு, துண்டை வாயில் போட்டேன். நாக்கு சுருண்டு உள்ளே ஓடியது. துப்பவும் முடியாது, முகம் சுளிக்கவும் முடியாது. வாயில் இருப்பது என்ன சாதாரண விஷயமா? கண்ணீரோடு விழுங்கினேன். பக்கத்தில் இருந்தவர் கண்ணிலும் நீர். அடுத்த வரிசையிலும் ஆளாளுக்கு மூக்கை உறிஞ்சினார்கள். அன்றைய ஆராதனையைப் போல உருக்கமான ஆராதனையை நான் பார்த்ததில்லை.

வெளியே வந்து யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும்தான்.*

* ஏன் என்று இங்கே சொல்ல மாட்டேன். இந்தக் கதையில் நான் கையில் வைத்திருக்கும் ஒரே துருப்புச்சீட்டு அது.

5

இந்தப் பகுதியை எனக்கு இருவருமே சொன்னார்கள், இரண்டு விதமாக. சண்டை வருகிற இடங்களில் உச்சஸ்தாயி சொன்னதையும் அழுகை வருகிற இடங்களில் அண்ணி சொன்னதையும் எடுத்துக்கொண்டேன். அந்தந்தத் துறையில் அவரவர் ஞாபகம் கெட்டி.

திங்கட்கிழமை காலை. உச்சஸ்தாயி பேக்கரிக்குள் நுழைந்தாள்.

"என்ன வேணும்?" என்றாள் அண்ணி, சுவரைப் பார்த்து.

"உண்மை வேணும். நேத்து மாவைக் கடல் தண்ணியில பிசைஞ்சியா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலையே."

"புருஷனைப் பறிகொடுத்தவ, பாவம்னு விட்டிருப்பாங்க. எனக்குப் பாவம் பார்க்கத் தெரியாது."

"உன் வாயிலதான் கரிச்சிருக்கும். எப்பவும் கரிக்கிற வாய்தானே."

"என் வாயைப் பத்தி அப்புறம் பேசலாம். பின்னாடி பன் கருகுது, அதைப் பாரு."

அண்ணி சிரித்தாள். "பேச்சை மாத்தாதே."

"அடியே, புகை வருதுடி!"

அண்ணி திரும்பிப் பார்த்தாள். புகை கதவுக்கு மேலே சுருண்டுகொண்டிருந்தது. ஓடிப்போய்த் தட்டை இழுத்தாள். அத்தனையும் கரி. உச்சஸ்தாயி தட்டைப் பார்த்தாள். அண்ணியின் மூக்கைப் பார்த்தாள். மறுபடி தட்டைப் பார்த்தாள்.

"எப்போ இருந்து?"

"காய்ச்சல்ல இருந்து."

"நாக்கும்?"

அண்ணி தலையசைத்தாள்.

இந்த இடத்தில் உச்சஸ்தாயி அண்ணியை அணைத்துக்கொண்டதாக ஒரு வரி எழுதியிருந்தேன். அண்ணி படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். உண்மையில் உச்சஸ்தாயி சொன்னது இதுதான்: "முதல்ல ஜன்னலைத் திற. தீஞ்ச நாத்தம் தாங்கல. உனக்கென்ன, நீ பாட்டுக்கு நிப்பே."

அண்ணி ஜன்னலைத் திறந்தாள். திறந்துவிட்டு மாவு மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்தாள். யாரிடமும் சொல்லாததை, பேச்சே இல்லாத ஒருத்தியிடம் சொன்னாள்.

"ஜெபமும் அப்படித்தான்டி இருக்கு. பழக்கத்துக்கு மெல்லுறேன். ஒண்ணும் தெரியல. அவர் இருக்காரா, போயிட்டாரான்னே தெரியல."

மேசைமேல் பெரிய பாத்திரத்தில், ஈரத்துணி போர்த்தி, அடுத்த மாவு இருந்தது. உச்சஸ்தாயி துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். மாவு விளிம்புவரை உப்பி நின்றது.

"இது பொங்குற வாசனை உனக்கு வந்துச்சா?"

"இல்ல."

"பின்னே யாரைக் கேட்டுப் பொங்குச்சு?"

கருகாத பன் ஒன்றாவது தேறுமா என்று தட்டில் புரட்டிப் பார்த்தாள். தேறவில்லை என்றதும் போய்விட்டாள்.

6

உச்சஸ்தாயியை நான் நம்பலாமா? எழுத்தாளனாகக் கேட்கிறேன். இவ்வளவு கூர்மையான ஒருத்தி கதையில் வந்தால் வாசகர், "சரி, இவள் கடைசியில் திருந்துவாள்" என்று சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். கொஞ்சம் இளக்கி எழுதலாமா என்று அண்ணியிடம் கேட்டேன்.

"அவளை நல்லவளாக்கிடாதீங்க தம்பி. படிச்சா சண்டைக்கு வருவா."

ஆகவே அவளை அப்படியே விடுகிறேன். அந்த மாதம் நடந்தது அண்ணிக்குள் மட்டும்தான். அதை எழுதுவதுதான் கஷ்டம்.

முதலில் போதகரிடம் போனாள். "அடுத்த மாசம் ரொட்டியை வெளியில வாங்கிக்கோங்க, ஐயா. கை வலிக்குது." போதகர், "உடம்பைப் பார்த்துக்கோங்கம்மா" என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததாக அண்ணிக்குப் பட்டது. வீட்டுக்கு வந்து அதற்கும் சேர்த்து அழுதாள்.

ஆனால் பேக்கரி நடத்துகிறவள் தினமும் விடியுமுன் ஈரத்துணியைத் தூக்கித்தானே ஆக வேண்டும்? ஒவ்வொரு காலையும் தூக்கினாள். ஒவ்வொரு காலையும் மாவு அவளைக் கேட்காமலே பொங்கியிருந்தது. அவள் அழுத காலையிலும் பொங்கியிருந்தது. கோபத்தில் பிசைந்த மாவு கொஞ்சம் அதிகமாகவே பொங்கியிருந்தது. இத்தனை வருடத்தில் கொஞ்சமாவது தானும் சேர்ந்து பொங்க வைத்ததாக நினைத்திருந்தாள். அது தன் வேலையே இல்லை என்று இப்போதுதான் தெரிந்தது. தன் வேலை பிசைவது, மூடிவைப்பது, காத்திருப்பது.

அவளுடைய ஆன்மா வளரத் தொட

அடித்துவிட்டேன். ஆன்மா வளர்ந்ததை யார் அளந்தார்கள்? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒருநாள் காலை அண்ணி துணியைத் தூக்குமுன் மேசையில் கைவைத்து நின்று ஜெபித்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியல, ஆண்டவரே. நீங்க பாட்டுக்குச் செய்ங்க." முழு ஜெபமும் இவ்வளவுதான். இதழாசிரியரின் கால் பக்கத்தில் முக்கால்வாசி மிச்சம்.

உருக்கம் வரவில்லை. கண்ணில் நீர் வரவில்லை. ஆனால் மறுநாளும் அதையே சொன்னாள். அதற்கு மறுநாளும். அந்த வாரக் கடைசியில் போதகரிடம் திரும்பிப் போனாள்.

"நானே சுடுறேன், ஐயா."

"கை வலி?"

"இருக்கட்டும்."

போதகர் எச்சில் விழுங்கினார். "சரிம்மா" என்றார். அந்த விழுங்கலுக்கு அர்த்தம் எனக்கு இப்போது தெரியும்.

7

இந்தக் காட்சியில் நான் இல்லை. இருந்திருந்தால் காட்சியே இருந்திருக்காது. காரணம் சொல்கிறேன்.

திருவிருந்து ஞாயிறு, விடியற்காலை. இந்தத் தடவை அண்ணி நாக்கை நம்பவில்லை. உப்பை ஒரு சின்னக் கிண்ணத்தில் அளந்து மாவில் போடுவது, போட்டதும் கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்பது என்று ஏற்பாடு. மாவும் ஈஸ்டும் தண்ணீரும் சேர்ந்து கையில் திரள ஆரம்பித்த நேரம், கதவு தட்டப்பட்டது. பாட்டுப் பயிற்சிக்குப் போகும் வழியில் உச்சஸ்தாயி.

"இன்னைக்கு ரொட்டியா, இல்ல மறுபடி கடலா? பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"மேற்பார்வை பார்க்க உன்னை யார் வச்சா?"

"சபையோட நாக்கு என்னை வச்சுது."

"நாக்கு, நாக்கு! அன்னைக்கு நாக்குல பட்டா பட்டதுன்னு நாலு பேர் முன்னாடி என்னைச் சந்தி சிரிக்க வச்சவதானே நீ?"

"சொன்னேன். இன்னைக்கும் சொல்லுவேன்."

இப்படி ஆரம்பித்த சண்டை சபைக் கூட்டத்துக்குப் போய், அங்கிருந்து ஞாயிறு பள்ளிக்குப் போய், யார் யாரை முதலில் கிள்ளினார்கள் என்பதில் வந்து நின்றது. அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டு மேசைக்குத் திரும்பினாள். கிண்ணம் காலியாக, நிமிர்ந்து இருந்தது.

போட்டுவிட்டுக் கவிழ்க்க மறந்தேனா? இன்னும் அளக்கவே இல்லையா?

வேறு மாவு பிசைந்தால் பொங்க நேரமில்லை. ருசி பார்க்க ஆள் வேண்டும். சபையில் எல்லாரும் வெறும் வயிறு. தெருவில் இன்னும் ஒரு ஈ காக்கை இல்லை. திருவிருந்து நாளிலும் பன் தின்றுவிட்டு வருகிற ஒரே ஆசாமி நான்தான் என்று அண்ணிக்குத் தெரியும். எனக்குப் போன் போட்டாள். என் போன் அணைந்திருந்தது. நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். கதாசிரியர்கள் முக்கியமான காட்சிகளில் பொதுவாக இப்படித்தான்.

"உன்னாலதான்டி மறந்தேன்," என்றாள் அண்ணி. "வந்து நின்னு வாய் பேசிப் பேசி... எல்லாம் உன் வாயாலதான்."

உச்சஸ்தாயி மாவைப் பார்த்தாள். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"என் வாய்தானே கெடுத்துது? அதுவே சொல்லட்டும்."

ஒரு கிள்ளு மாவை எடுத்து வாயில் போட்டாள். பல் துலக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கிவிடக் கூடாதென்று தலையைக் குனிந்தே கொப்பளிக்கிறவள். சிறுபெண்ணாக இருந்த காலத்திலிருந்து ஒரு திருவிருந்தைக்கூட விடாதவள். மென்றாள்.*

"சப்புனு இருக்கு. நீ போடல. போடு."

அண்ணி போட்டாள், பிசைந்தாள். உச்சஸ்தாயி இன்னொரு கிள்ளு எடுத்தாள்.

"இப்போ சரி."

"உன் திருவிருந்து?"

"போச்சு."

"அடியே—"

"யார்கிட்டயும் மூச்சு விடாதே. எனக்கு இரக்கம் காட்டுறதெல்லாம் பிடிக்காது." கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு பயிற்சிக்குப் போனாள்.

* துப்பிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவளுடைய சட்டம் மற்றவர்களுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று இரண்டாக இருந்ததில்லை. இது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

8

ரொட்டி அருமையாக இருந்தது. ஜனங்கள் முதலில் பயந்து பயந்து வாயில் வைத்தார்கள். பிறகு முகங்கள் தளர்ந்தன.

வரிசை வரிசையாகப் போய் வந்தார்கள். பாடகர் குழுவும் போய் வந்தது. உச்சஸ்தாயி எழுந்திருக்கவில்லை. அவர்கள் போயிருந்த நேரம் முழுக்கப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, நிமிர்ந்த தலையோடு, திருவிருந்துப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள்.

ஆலயத்தில் பாட்டுக்குக் கீழே இன்னொரு ஓசை கிளம்பியது. "அந்தம்மா போகலையே?" "ஏன், என்ன பண்ணிட்டாங்க?" "ஏதோ பெரிய விஷயமாத்தான் இருக்கும்." ஊரில் எல்லாருடைய பாவத்தையும் எடை போட்டவளை எடை போட ஒரு வாய்ப்பு, விடுவார்களா? அவள் குரல் மட்டும் இறங்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

அண்ணி கடைசி வரிசை. முழங்காலிட்டாள். துண்டை வாங்கி வாயில் போட்டாள். வழக்கம்போல ஒன்றும் தெரியவில்லை. விழுங்கினாள். எழுந்து திரும்பியபோது அந்தப் பெஞ்சும், அதைக் குத்திக்கொண்டிருந்த அத்தனை கண்களும் தெரிந்தன.

சொன்னால் 'மூச்சு விடாதே' என்றவளின் சொல்லை மீறியதாகும். சொன்னால் பேக்கரியும் போகலாம். சொல்லாவிட்டால் தனக்காகப் பட்டினியாக உட்கார்ந்திருப்பவளின் பெயர் போகும். அண்ணி தன் இடத்துக்குப் போகவில்லை. பீடத்தின் முன்னாலேயே சபையைப் பார்த்து நின்றாள். திருவிருந்தின் நடுவில் எங்கள் சபையில் யாரும் அப்படி நின்றதில்லை. பாட்டு நின்றது.

"ஐயா, ஒரு நிமிஷம்." போதகர் தட்டோடு நின்றார். "எனக்கு மூக்கும் நாக்கும் செத்துப்போச்சு. காய்ச்சலோட போச்சு. இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. போன தடவை ரொட்டி உப்பாக் கரிச்சது என்னாலதான். இன்னைக்கும் கெட்டுப்போயிருக்கும். அங்க உட்கார்ந்திருக்காளே, அவ இன்னைக்குக் காலையில என் மாவை ருசி பார்த்தா. அதனாலதான் அவ வரல. நீங்க எல்லாரும் சாப்பிடணும்னு அவ சாப்பிடாம உட்கார்ந்திருக்கா."

"வாயை மூடுடி!" என்றாள் உச்சஸ்தாயி, பெஞ்சிலிருந்து.

"மூட மாட்டேன். இன்னொண்ணு, ஐயா. இத்தனை நாள் நான் ருசி பார்த்துதான் ஆண்டவரை நம்பினேன். இன்னைக்கு நம்பித்தான் வாயில வச்சேன். ஒண்ணும் தெரியல. ஆனா வயிறு நிறைஞ்சிருக்கு."

பின்பெஞ்சிலிருந்து லாரி ஓட்டுகிற ஒரு பெரிய உடம்புக்காரர் எழுந்தார்.

"அப்படீன்னா... போன தடவை எல்லாருக்குமா கரிச்சுது?"

ஆளாளுக்குப் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் எனக்கு மட்டும்தான்னு நினைச்சேன்," என்றார். "என் பாவத்துக்குத்தான் அப்படி இருக்குன்னு நினைச்சு, அந்த வாரமே போய் என் தம்பிகிட்ட மன்னிப்புக் கேட்டேன்மா!"

இதுதான் என் துருப்புச்சீட்டு. சபை மொத்தமும், ஒவ்வொரு ஆளும், தன் துண்டு மட்டும்தான் கரித்தது என்று நினைத்திருந்தது! "நானும்!" என்றார் ஒருவர். "நான் மூணு நாள் அழுதேன்!" என்றாள் இன்னொருத்தி. போதகர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "முதல் துண்டு நான்தான் சாப்பிட்டேன்," என்றார். "பிரசங்கத்துல நான் சொன்ன ஒரு விஷயத்துக்காக ஆண்டவர் கண்டிக்கிறாருன்னு நினைச்சேன்." நான் என்ன பாவத்தை நினைத்தேன் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. இத்தனை பேரில் ரொட்டியில்தான் கோளாறு என்று கண்டுபிடித்தது உச்சஸ்தாயி ஒருத்தி. தன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதில் அவளுக்கு இருந்த உறுதி அப்படி.

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. பீடத்திலிருந்து வாசல்வரை சிரிப்பு ஓடியது. லாரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அண்ணி, அண்ணன் போனபிறகு முதல் தடவையாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நாளையிலேர்ந்து கேக்குக்கு நாக்கு வேணும்னா சொல்லும்மா, நான் வர்றேன்!" என்று ஒரு குரல். "நானும்!" என்று இன்னும் பல. பேக்கரி போய்விடும் என்று பயந்தவளுக்கு, சம்பளம் கேட்காத நாக்குகள் ஒரு சபை நிறையக் கிடைத்தன.

9

முடிவுகள் இரண்டு கைவசம் இருக்கின்றன.

இதழுக்கான முடிவு: அந்த நொடியில் அண்ணியின் நாக்கில் ரொட்டியின் ருசி மெல்லப் பரவியது. ஒரு பக்கம் தாராளமாக வரும். அண்ணியிடம் காட்டினேன். "வரட்டும், வந்தா சொல்றேன். வராததை வந்துச்சுன்னு எழுதாதீங்க. வந்தாத்தான் அற்புதம்னு ஆகிடும்" என்றாள்.

இலக்கியத்துக்கான முடிவு: ருசி வரவே இல்லை, வெளியே மழை பெய்தது. அன்று நல்ல வெயில்.

இரண்டையும் கிழித்துவிட்டேன். ஏனென்றால் ஆலயத்துக்குள் இன்னும் ஒரு ஆள் சாப்பிடவில்லை.

10

சிரிப்பு அடங்கியது. போதகர் தட்டை எடுத்துக்கொண்டு பீடத்தின் படியிறங்கிப் பாடகர் பெஞ்சுக்கு வந்தார். கடைசித் துண்டை எடுத்து நீட்டினார்.

"நான் சாப்பிட்டாச்சு, ஐயா. வழக்கம்னு ஒண்ணு இருக்கு," என்றாள் உச்சஸ்தாயி.

போதகர் வாதாடவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. நின்றார். பாதியில் நின்ற பாட்டு அப்படியே அந்தரத்தில் நின்றது. அதை எடுத்துக் கொடுக்க வேண்டியவளே பெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தாள்.

அப்போது பீடத்தின் முன்னாலிருந்து ஒரு குரல் அந்தப் பாட்டைத் தொடங்கியது. அண்ணிக்குப் பாட வராது. எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அன்று சபைக்கும் தெரிந்தது. சுதி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். தொடங்கிய இடமே தப்பு. ஆனால் நிறுத்தவில்லை. முகம் சிவக்க, முழுத் தொண்டையில், தப்பும் தவறுமாக, ஆண்டவரைப் பார்த்துப் பாடினாள். ஒரு வரி. அடுத்த வரியும்.

உச்சஸ்தாயியின் தாடை துடித்தது. கண் நிறைந்து வழிந்தது. அவள் மெல்ல எழுந்து நின்றாள். போதகரின் கை இன்னும் நீண்டிருந்தது. அண்ணி மேல்ஸ்தாயிக்கு ஏறி அங்கே தவித்துக்கொண்டிருந்தாள்.

உச்சஸ்தாயி வாயைத் திறந்தாள்.

பாட்டைத் தூக்கி நிறுத்தத் திறந்தாளா, ரொட்டியை வாங்கிக்கொள்ளத் திறந்தாளா என்று கேட்டால், நான் பார்க்கவில்லை. கூசாமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் நனைந்த என் மூக்குக்கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். "எழுதுறது நீங்களா, நாங்களா?" என்று இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

என்னால் முடியாது என்று ஒப்புக்கொண்டு பேனாவை மூடிவிட்டேன். நீங்கள் சபையில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. அவள் வாய் திறந்திருக்கிறது. சொல்லுங்கள்.